கரடியாக வந்த அப்பா

எங்கள் அப்பா ஒரு கரடி என்று தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

அப்பாவுக்குப் போர்வெல் லாரியில் வேலை. தொண்ணூறுகளில் திருச்செங்கோட்டுப் பக்கம் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போகிற லாரி, அங்கே மழை பிடித்து வேலை நின்றால்தான் ஊர் திரும்பும். அவர் கிளம்பும்போது தம்பி கைக்குழந்தை. "அப்பா எங்க?" என்று அவன் கேட்கத் தொடங்கியபோது, பள்ளிக்கூடத்திலிருந்து நான் எடுத்துவந்த படப் புத்தகம் கைகொடுத்தது. அதில் ஓர் அப்பா கரடி தேன் தேடி மலை தாண்டிப் போய், கடைசிப் பக்கத்தில் வந்து குட்டியைக் கட்டிக்கொள்ளும். "இதுதான்டா நம்ம அப்பா" என்றேன். பயல் தினமும் கரடிக்கு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் தூங்குவான்.

மழைக்கு அப்பா வந்தார். அம்மா முதல் காரியமாக, தாடியை எடுத்துவிட்டு வரச்சொல்லிச் சலூனுக்கு விரட்டினாள். மழமழவென்று வந்து நின்றவரைக் கண்டு தம்பி அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. மிட்டாய், பொம்மை எதுவும் எடுபடவில்லை. அம்மாவின் முந்தானையை விட்டு அவன் வெளியே வரவேயில்லை.

"மழ உட்டா லாரி கெளம்பீரும் அம்மணி. அதுக்குள்ள ஒருக்கா எங்கிட்ட வந்தான்னாப் போதும்" என்று அப்பா என்னிடம் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூடவே யோசனையும் வந்தது.

"அப்பா, நீங்க கரடியாட்ட வாங்க."

"ஏனுங்க, அவதான் சின்னப்புள்ள, நீங்களுமா? பாத்தவீக சிரிக்கப்போறாங்க" என்று அம்மா தடுத்தாள். அப்பா கேட்கவில்லை. கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வாசலிலிருந்து உறுமியபடி தவழ்ந்து வந்தார். பின்னாலேயே நான் கடைசிப் பக்கத்தை உரக்கப் படித்துக்கொண்டு வந்தேன். முந்தானைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த தம்பி ஒரே ஓட்டமாக ஓடிவந்து கம்பளிக்குள் புகுந்தான். கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அப்பா, தேன் எங்க?" என்றான்.

வேடிக்கை பார்த்த தெருவே கைதட்டியது. திடீரென்று தேனுக்கு எங்கே போவது? அம்மா நாட்டுச் சர்க்கரையை அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். அன்று முழுக்க எனக்குத் தேர்தலில் ஜெயித்த நடை.

சாயங்காலம் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அப்பா அந்தப் புத்தகத்தைப் புரட்டினார். நடுவில் ஒரு பக்கத்தில், குட்டிக்கரடி மட்டும் தனியாக நின்று வழி பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குமேல் அப்பா புரட்டவில்லை. அதில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. அப்பாவுக்குப் புத்தகம் பார்த்துப் பழக்கமில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"இதுல படிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்கப்பா" என்று, நானே அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொடுத்தேன்.