ரெண்டாவது ரிங்

என்னை வாயாடின்னு சொல்வாங்க. சொல்லட்டும். ஆஸ்பத்திரி லாண்டரியில பதினாலு பேர் வேலை பாக்குறோம், மெஷின் சத்தத்தை மீறிப் பேசத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். ஆனா இந்த ஒரு விஷயத்தை மட்டும் அங்க யார்கிட்டயும் நான் வாய் திறந்து சொன்னதில்ல. வெளிய சொல்ற மாதிரியா காரியம் பண்ணி வெச்சிருக்கேன்?

அக்காவைப் பத்திச் சொல்றேன். கூடப் பொறந்தவங்க கிடையாது, வேலையில எனக்கு ஜோடி. பெட்ஷீட் மடிக்கிறது ஒத்தை ஆளால ஆகாது. எதிரெதிரா நின்னு ஆளுக்கு ரெண்டு மூலையைப் பிடிக்கணும். ஒரு உதறு, ஒரு இழுப்பு. அப்புறம் நடந்து போய் என் மூலையை அவங்க கையில கொடுத்துட்டு, குனிஞ்சு தொங்குற மடிப்பைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால வரணும். ஒரு நாளைக்கு நானூறு ஷீட். ஒன்பது வருஷமா நானூறு தடவையும் எனக்கு எதிர்ல அக்கா முகம்தான். என் வீட்டுக்காரர் முகத்தைக்கூட நான் அவ்வளவு பாத்திருக்க மாட்டேன்.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயசு. ஒல்லி உடம்பு. பேச்சு எண்ணி எண்ணித்தான் வரும். லீவு போட மாட்டாங்க, சண்டைக்கு வர மாட்டாங்க, சூப்பர்வைசர் கத்தினா தலையை ஆட்டிட்டு வேலையைப் பாப்பாங்க. ஏப்ரன் பையில எப்பவும் ஒரு கறுப்பு பட்டன் போன் இருக்கும். நம்பர் எல்லாம் தேஞ்சு போய் அஞ்சு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். பின்மூடி கழண்டு விழாம ரப்பர் பேண்டு. கீழ விழுந்தா மூணு துண்டாப் போகும், பொறுக்கிச் சேத்தா மறுபடி உயிர் வந்துரும். ஞாயித்துக்கிழமை சார்ஜ் போட்டா அடுத்த ஞாயிறு வரைக்கும் அசையாது. அந்த போனை விட்டு அக்கா ஒரு நிமிஷம் இருந்ததில்ல. பாத்ரூமுக்குப் போனாலும் கையோட போகும். "உள்ள யாருக்கா உங்களுக்கு கால் பண்ணப் போறா, கலெக்டரா?"ன்னு நான் கேலி பண்ணுவேன். சிரிச்சுக்குவாங்க. லாண்டரி முழுக்க அவங்களுக்கு 'மிஸ்டுகால் அக்கா'ன்னுதான் பேரு.

ஏன் அந்தப் பேருன்னா, அந்த போன் வாரத்துல ஒரு நாள் அடிக்கும். எந்த நாள், எத்தனை மணின்னு கணக்கே கிடையாது. ஷீட்டை ஒத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு, ரெண்டாவது ரிங்ல கட் பண்ணிருவாங்க. பண்ணிட்டு ஒரு பெருமூச்சு. அன்னிக்குப் பூரா முகத்துல ஒரு தெளிவு இருக்கும்.

அடிக்கிறது அவங்க பையன். ஒரே பையன். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், லேத்துப் பட்டறையில இருந்தவரு. முதலாளி காலைப் பிடிக்காத குறையா கெஞ்சிப் பையனுக்கும் அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்தார். தொரை மூணே நாள்ல தூக்கி எறிஞ்சுட்டு வந்துட்டான். வாய்ப்பேச்சு முத்திப் போய், பெத்த அப்பன்மேல கையை ஓங்கிட்டான். மனுஷனுக்குப் பொறுக்கல. "இந்த வீட்டுல இனிமே அவன் குரல் கேக்கக் கூடாது. நீ அவன்கிட்டப் பேச மாட்டேன்னு என் தலைமேல சத்தியம் பண்ணு"ன்னு பொண்டாட்டி கையை இழுத்துத் தன் தலையில வெச்சுக்கிட்டார். அக்கா பண்ணிட்டாங்க.

ஆனா பையன் பையைத் தூக்கிட்டுப் போறப்ப வாசல்ல வெச்சு ரகசியமா ஒண்ணு சொல்லி அனுப்பியிருக்காங்க. வாரத்துக்கு ஒரு தடவை அடி. ரெண்டாவது ரிங்ல நான் கட் பண்ணினா இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்னு எடுத்துக்கோ. நீ அடிச்சதே நீ நல்லா இருக்கேன்னு எனக்குச் சேதி. "பேச மாட்டேன்னுதானேடி சத்தியம், கட் பண்றது பேச்சாகுமா?"ன்னு என்கிட்ட ஒரு நாள் கேட்டாங்க. ஆகாதுக்கான்னு சொன்னேன். ஆறு வருஷமா அம்மாவும் பிள்ளையும் ஒரு வார்த்தை பேசல, ஒரு வாரம்கூடத் தவறல. அவன் போர்வெல் வண்டியில ஊர் ஊரா சுத்துறவன். சொந்த நம்பர்ல கூப்பிட்டா அம்மா மனசு கேக்காமத் திருப்பிக் கூப்பிட்டு சத்தியத்தை உடைச்சிரும்னு, வண்டி எங்க நிக்குதோ அங்க யார்கிட்டயாவது போனை வாங்கித்தான் அடிப்பான். ஒவ்வொரு தடவையும் வேற நம்பர். இது எல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும்தான் அந்தக் காரியம் பண்ணேன்.

பழைய லைனை நிறுத்தப் போறோம், போனை மாத்துங்கன்னு கம்பெனியிலேருந்து மெசேஜா வந்துக்கிட்டே இருந்துச்சு. அக்கா கண்டுக்கல. ஒரு திங்கக்கிழமை அந்த பட்டன் போன்ல டவரே இல்ல. அக்கா முகம் பாக்கணுமே, ரத்தம் சுண்டிப் போச்சு. அரை நாள் லீவு கேட்டுக்கிட்டு ரெண்டு பேரும் செல்போன் கடைக்கு ஓடினோம். கடைக்காரர் நல்ல மனுஷன். "பட்டன்லயே புது லைனுக்கு எடுக்குறது வந்திருக்கும்மா, சார்ஜ் பத்து நாள் நிக்கும்"னு எடுத்துக் காட்டினார். அக்கா கை நீட்டிட்டாங்க. நான் சும்மா இருந்திருக்கலாம்ல? "அட போங்கண்ணே, இன்னுமா பட்டன்? என் பொண்ணு மாத்தின டச் போன் வீட்டுல சும்மாதான் கிடக்கு, காசு எதுக்கு வீணா?"ன்னு அக்காவைத் தரதரன்னு இழுத்துட்டு வந்தேன். என் நாக்குல சனி உக்காந்திருந்தது அன்னிக்குத்தான்.

நம்பர் மாறல, அதேதான். ஆனா அந்த போன் அக்காவைப் படுத்தின பாடு கொஞ்ச நஞ்சமில்ல. மூணு மணிக்கெல்லாம் சார்ஜ் இறங்கிரும். டிரையர் பக்கத்துல இருக்குற பிளக்குகிட்டயே சாப்பாட்டு நேரம் முழுக்க நிப்பாங்க. இன்னொரு கொடுமை, எங்க விரலு. பிளீச்சுலயும் சூட்டுலயும் கிடந்து நுனியெல்லாம் மழமழன்னு ஆயிருச்சு, ரேகையே கிடையாது. அக்கா தேய்ப்பாங்க தேய்ப்பாங்க, அந்தக் கண்ணாடிக்கு உறைக்கவே உறைக்காது. ஏப்ரன்ல தொடச்சு, ஊதி, மறுபடி தேய்ப்பாங்க.

போதாததுக்கு எங்கிருந்துதான் மோப்பம் பிடிச்சாங்களோ, கடன் வேணுமா, மனை வேணுமா, இன்சூரன்ஸ் வேணுமான்னு நாளைக்குப் பத்து கால். ஒவ்வொண்ணுக்கும் அக்கா பையன்தானோன்னு பதறி, ரெண்டாவது ரிங்குக்குள்ள கட் பண்ணப் போராடுவாங்க. ஊர்ல கடன் கொடுக்கிறவன் எல்லாருக்கும் 'நாங்க நல்லா இருக்கோம்'னு சேதி போயிட்டிருந்துச்சு. ஷீட்டு தரையில விழும், சூப்பர்வைசர் கத்துவார். நாலாவது நாள் எனக்குப் பொறுக்கல. போனைப் பிடுங்கி, பேர் போட்டு வெச்சிருக்கிற நம்பரைத் தவிர வேற எதுவும் வராத மாதிரி செட் பண்ணிக் கொடுத்தேன்.

"நிம்மதியா இருங்கக்கா. தொல்லை பண்றவன் எவனும் இனிமே வர மாட்டான்."

"யாரு தொல்லைன்னு போனுக்குத் தெரியுமாடி?"

"அதுக்கு எல்லாம் தெரியும்கா. நீங்க ஷீட்டைப் பிடிங்க."

எனக்கு மண்டையில உறைக்கவே இல்ல. அவன் நம்பர் எதுவும் அதுல பேரோட இருக்க வழியில்லையேன்னு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் நான் யோசிக்கல.

அடுத்த வாரம் மாமா பட்டறையில மயங்கி விழுந்தார். நுரையீரல்ல இரும்புத்தூள் படிஞ்சிருக்காம். எங்க ஆஸ்பத்திரியிலேயே மூணாவது மாடி. அந்த மாடி ஷீட்டுக்கெல்லாம் ஓரத்துல பச்சைக் கோடு இருக்கும். பச்சைக் கோடு வந்தா அக்கா உதறாம மெதுவா மடிப்பாங்க.

மூணாவது நாள் மாமா அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு, "சத்தியமும் வேணாம் ஒண்ணும் வேணாம், அவனை வரச் சொல்லு"ன்னு சொல்லிட்டார். அக்கா படியில ஓடி வந்து லாண்டரியில என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. அப்பதான் அந்த ரகசியத்தோட மீதிப் பாதியைச் சொன்னாங்க. கட் பண்ணாம முழுசா அடிச்சு ஓய விட்டா, கிளம்பி வான்னு அர்த்தம். ஆறு வருஷமா போனைக் கையை விட்டு இறக்காததும், ஒரு வாரம் சார்ஜ் நிக்குற போனா வெச்சிருந்ததும் அதனாலதான். தவறிப் போய் முழுசா அடிச்சிட்டா பிள்ளை பதறி வந்து நிப்பான், அப்பன் மறுபடி விரட்டுவான்னு பயம்.

"இந்தத் தடவை கட் பண்ண மாட்டேன்டி. அடிக்கட்டும், எவ்வளவு நேரம் வேணா அடிக்கட்டும்"னாங்க. சின்னப் பொண்ணு மாதிரி சிரிச்சாங்க.

அன்னியிலேருந்து அஞ்சு வாரம். போன் வாயே திறக்கல. பழைய போனை நோண்டி அவன் கடைசியா அடிச்ச மூணு நம்பருக்குக் கூப்பிட்டுப் பாத்தோம். ஒண்ணு டீக்கடை, ஒண்ணு லாரிக்காரர், ஒண்ணு உபயோகத்திலேயே இல்ல. சாயங்காலம் அக்கா மேல போனதும் மாமா மாஸ்க்கை விலக்கிட்டுக் கேப்பார், "அடிச்சானா?" தினமும் அதே கேள்வி. முதல் ரெண்டு வாரம் "நாளைக்கு அடிப்பான்"னு சொன்னாங்க. அப்புறம் வெறுமனே தலையை ஆட்டினாங்க. மூணாவது வாரத்துக்கு மேல அக்காவுக்கு நம்பிக்கை விட்டுப் போச்சு.

"அவன் இல்லடி. போர் போடுற இடத்துல என்னமோ ஆயிருச்சு. உசுரோட இருந்தா அடிக்காம இருப்பானா என் பிள்ளை?"

"சும்மா இருங்கக்கா, வாயில நல்ல வார்த்தையா வராதா?"ன்னு அதட்டினேன். அதட்டுறதுக்கு எனக்கு என்ன யோக்கியதை?

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு மாமா போயிட்டார். கடைசி வரைக்கும் கண்ணு கதவுப் பக்கமே இருந்துச்சாம். மறுநாள் பச்சைக் கோடு போட்ட மூட்டை வந்தப்ப அக்கா இடத்துல வேற ஒருத்தி நின்னா. அதுல எது மாமாவோடதுன்னு எனக்குத் தெரியல. எல்லாத்தையும் உதறாமலே மடிச்சேன்.

சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். சொந்தக்காரங்க யாரோட நம்பரோ வேணும்னு அக்கா போனை என்கிட்டக் கொடுத்தாங்க. தேடினப்ப, தடுத்து வெச்ச கால்கள்னு ஒரு லிஸ்டு திறந்துச்சு. கடன்காரங்களும் மனைக்காரங்களும் வரிசையா இருந்தாங்க. ரெண்டு தடவை வராத நம்பரா, எந்தக் கம்பெனிப் பேரும் இல்லாத நம்பரா, வாரத்துக்கு ஒண்ணு. எண்ணினேன். ஆறு. கடைசி கால் அந்தச் செவ்வாய்க்கிழமை, காலையில பத்தே கால்.

போனைக் கையோட எடுத்துட்டு எந்திரிச்சேன். வெளிய வந்து, துணைக்கு வந்திருந்த என் பொண்ணு போனை வாங்கி, அக்கா போன்ல பேர் பதியாத அந்த நம்பர்லேருந்து அடிச்சுப் பாத்தேன். அக்கா போன்ல சத்தமே இல்ல. என் காதுல ஒரு ரிங் போச்சு, உடனே கட் ஆச்சு. அக்கா கட் பண்ற மாதிரியே. பாவி, நான் கொடுத்த போன் வாரா வாரம் அவனுக்கு 'எல்லாரும் நல்லா இருக்கோம், நீ வர வேணாம்'னு சொல்லிட்டு இருந்திருக்கு.

அந்தத் தடையை எடுத்துட்டு, போனைத் திருப்பிக் கொடுத்துட்டு, ஒரு வார்த்தை பேசாம வீட்டுக்கு வந்துட்டேன். ஆமா, கோழைதான் நான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா வீட்டுல உக்காந்திருந்தப்ப அடிச்சுது. தெரியாத நம்பர். அப்பா போனதை போன்ல சொல்ல மனசு வராம, அக்கா போனை உள்ளங்கையில வெச்சுக்கிட்டுப் பாத்தாங்க. ரெண்டு ரிங், மூணு, ஏழு, எட்டு. ஓஞ்சு போச்சு. மறுபடி அடிச்சுது, மறுபடியும் ஓய விட்டாங்க. "இருக்கான்டி, என் பிள்ளை இருக்கான்டி"ன்னு என் மடியில விழுந்து அழுதாங்க. என் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல.

வியாழக்கிழமை வந்தான். தலையெல்லாம் செம்மண், அதே பை. உள்ள எட்டிப் பாத்தவன் கண்ணு, மடக்கிச் சுவத்துல சாத்தியிருந்த கட்டில்ல போய் நின்னுச்சு. அலமாரியில மாமாவோட மூக்குக்கண்ணாடி இருந்துச்சு.

"அப்பா எங்கம்மா?"

"உன்னைக் கேட்டுக் கேட்டே போயிட்டாருடா. அஞ்சு வாரம் காத்துக் கிடந்தோம். ஒரு தடவை அடிக்கலையேடா நீ!"

"வாரா வாரம் அடிச்சேனேம்மா. நீதானே கட் பண்ணின? முன்னெல்லாம் ரெண்டாவது ரிங்ல பண்ணுவ, இப்ப முதல் ரிங்லயே பண்ணின. அம்மா போனைக் கையிலேயே வெச்சிருக்குன்னு நெனச்சு சந்தோஷப்பட்டேன். போன வாரம் செவ்வாய்க்கிழமைகூட கட் பண்ணியேம்மா."

"நான் எங்கடா கட் பண்ணேன்? இந்த விரலு சொன்னா அது கேக்கவே கேக்காதே." அக்கா கையை விரிச்சுக் காட்டினாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பினாங்க. "நீ சொல்லுடி. போனுக்கு எல்லாம் தெரியும்னு சொன்னியே."

சொன்னேன். ஒண்ணு விடாமச் சொன்னேன். பையன் வாசப்படியில உக்காந்து முழங்கால்ல முகத்தைப் புதைச்சுக்கிட்டான். அக்கா என்னைத் திட்டல, அடிக்கல. "நல்லதுன்னு நெனச்சுத்தானே பண்ணின"ன்னு மட்டும் சொல்லிட்டு, மாமா கண்ணாடியை எடுத்துத் தொடைக்க ஆரம்பிச்சாங்க. செருப்பால நாலு சாத்து சாத்தியிருந்தா வாங்கிட்டு வந்திருப்பேன்.

பதினஞ்சு நாள் கழிச்சு வேலைக்கு வந்தாங்க. ஜோடியை மாத்திக் கேப்பாங்கன்னு நெனச்சேன், கேக்கல. எதிர்லதான் நிக்கிறாங்க. உதறுறோம், இழுக்குறோம், நடந்து போய் என் மூலையை அவங்க கையில கொடுக்குறேன். வாங்கிக்கிறாங்க, முகத்தைப் பாக்குறதில்ல. ஒரு நாளைக்கு நானூறு தடவை.