இருநூற்றுப் பதிமூன்றாவது மெஷின்

நூர் முகமது தன் முதலாளி வெங்கட்ரமணனுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். அவன் பையிலிருந்து காணாமல் போன ஒரு பில் மெஷினின் விலை அது. மாதம் ஆயிரம் என்று சம்பளத்தில் பிடித்து ஒரே வருஷத்தில் அடைந்தது. அடைந்து மூன்று வருஷமும் ஆகிவிட்டது.

வெங்கட்ரமணன் படித்தது அஞ்சாங்கிளாஸ். பதினாறு வயதில் மாயவரத்திலிருந்து செகந்தராபாத்தில் வந்து இறங்கியபோது கையில் இருந்தது ஒரு ஸ்க்ரூ டிரைவர். கால்குலேட்டர் ரிப்பேரில் ஆரம்பித்த மனுஷன் இன்றைக்கு அல்வாலிலிருந்து மாதாப்பூர் வரை இருநூற்றுப் பன்னிரண்டு கடைகளுக்கு பில் மெஷின் வாடகைக்கு விட்டிருக்கிறார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய மெஷின், உள்ளே கம்பெனி சிம். எது எந்தக் கடையில் இருக்கிறது, எதற்கு மூடி உடைந்திருக்கிறது, எது மீன் வாடை அடிக்கும், அத்தனையும் மனப்பாடம். நோட்டுப் புத்தகம் என்று ஒன்று வைத்துக்கொண்டதில்லை. பி.காம். படித்த நாலு பேர் சேர்ந்தாலும் ஆகாத காரியம். அதை நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள அவர் கூச்சப்பட்டதும் இல்லை.

மருமகள் ரக்ஷிதா மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள். குழந்தை பிறந்த பிறகு அதை விட்டுவிட்டு மாமனார் ஆபீஸில் வந்து உட்கார்ந்தாள். வந்த மாதமே ஒரு புது ஏற்பாடு செய்தாள். கம்பெனி சிம் போட்ட ஒவ்வொரு மெஷினும், எங்கே இருக்கிறது, சார்ஜ் எவ்வளவு என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாகவே ஆபீஸுக்குச் சேதி அனுப்பும். திரையில் பச்சைப் புள்ளி என்றால் மெஷின் நலம். சிவப்பு என்றால் ஆள் அனுப்ப வேண்டும்.

"எதுக்கும்மா இதெல்லாம்? என்னைக் கேட்டா நான் சொல்ல மாட்டேனா?"

"நீங்க தூங்கறப்ப யாரைக் கேக்கறது மாமா?"

முதல் நாள் காலை திரையில் 213 என்று எண் வந்தது. வெங்கட்ரமணன் சிரித்தார். "முதல் நாளே பொய் சொல்லுது பார்." கண்ணை மூடிக்கொண்டு அல்வாலில் ஆரம்பித்து கடை கடையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். இருநூற்றுப் பன்னிரண்டில் நின்றது. ரக்ஷிதா ஒவ்வொன்றாகக் கழித்து, மிஞ்சிய ஒரு புள்ளியைப் பெரிதாக்கிக் காட்டினாள். லோத்குண்டா. பச்சை. நாலு நிமிஷத்துக்கு முன்னால்தான் சேதி அனுப்பியிருக்கிறது.

"நாலு வருஷமா இதுக்கு ரீசார்ஜும் நாமதான் கட்டறோம் மாமா. மொத்தமா கட்டறதால யாரும் பாக்கலை."

நம்பரைப் படிக்கச் சொல்லிக் கேட்டவருக்கு முகம் சிவந்தது. "அப்ப நூர் இதைத் தொலைக்கலை. வித்திருக்கான்."

கையும் களவுமாகப் பிடிப்பது என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தனியாகவே கிளம்பினார். புள்ளி கொண்டுபோய் நிறுத்திய இடம் ஒரு சின்ன டிபன் கடை. கல்லாவில் ஜலஜா. பூர்வீகம் திருநெல்வேலி, அவள் புருஷன் வெங்கட்ரமணனுக்குப் பழக்கம், இப்போது உயிரோடு இல்லை. அவள் முன்னால் அந்த மெஷின், சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே ஒரு முழம் பூவோடு.

"வாங்கண்ணே. கடை தொறந்த அன்னைக்கு வந்தது, இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்."

"இது…"

"நீங்க குடுத்ததுதான். அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடியும், 'வாடகை கீடகைன்னு பேசப்படாது, என் பேரைச் சொல்லி வச்சுக்கம்மா'ன்னு பையில இருந்து எடுத்துக் குடுத்தியளே. அவுகளும் சாகுற மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தாவ."

கடை திறந்த அன்று வெள்ளிக்கிழமை. நூர் தொழுகைக்குப் போயிருந்தான்; போகும்போது பையை இவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போனான். வெங்கட்ரமணனுக்கு அன்றைக்கு எல்லோரும் கைதட்டியது நன்றாக நினைவிருந்தது. கொடுத்தது நினைவில் இல்லை. ஜலஜா வைத்த இட்லியில் பாதியை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

ஆபீஸுக்குத் திரும்பியதும் மருமகள் பக்கத்தில் போய் நின்றார். "அந்தப் புள்ளியை எடுத்துட முடியுமா?"

"பழுதுன்னு போட்டா போயிடும். போடட்டுமா?"

ஒரு சொடுக்கு. ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. வெங்கட்ரமணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வேண்டாம். ஜலஜா டிபன்னு பேர் போடு. வாடகை இல்லைன்னும் போடு."

மறுநாள் காலை ஒன்பது மணி. நூரோடு சேர்த்து, கடைச் சுற்றுக்குக் கிளம்பும் ஆட்கள் எட்டுப் பேரும் வாசலில் பில் ரோல் எண்ணி வாங்கிக்கொண்டிருந்தார்கள். வெங்கட்ரமணன் நூரை மட்டும் உள்ளறைக்குக் கூப்பிட்டு ஒரு கவரை நீட்டினார்.

"என்ன சேட் இது?"

"பன்னண்டாயிரம். அந்த மெஷின் கெடைச்சிடுச்சு. நீ ஜும்மாவுக்குப் போன நேரம் நான்தான் எடுத்து ஒருத்தருக்குக் குடுத்திருக்கேன். மறந்துட்டேன்."

நூர் கவரைத் தொடவில்லை. இருபது வருஷம் இவரோடு சுற்றிக் கற்றுக்கொண்ட தமிழில் மெதுவாகப் பேசினான். "பையை எத்தினி வாட்டி கொட்டிப் பாத்தேன் சேட். வீட்ல பீவி கேட்டா, வித்துட்டியான்னு. அவளுக்கு இன்னும் டவுட்டு இருக்கு."

"அதான் தரேனே, வாங்கிக்கோ."

"கவர் நக்கோ சேட், வேணாம். அன்னிக்கு வாசல்ல நிக்க வெச்சு, இவங்க எல்லார் முன்னாடியும்தானே மெஷின் எங்கன்னு கேட்டீங்க. அங்கயே எண்ணிக் குடுங்க."

ஊருக்கெல்லாம் கணக்குச் சொன்னவரை இதுவரை ஒருத்தனும் கணக்குக் கேட்டதில்லை. வெங்கட்ரமணன் கவரைக் கிழித்தார். வாசலுக்கு வந்தார். மற்ற ஏழு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அந்த மெஷினை நூர் தொலைக்கலை," என்றார். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். "நூர் தொலைக்கலை. நான்தான் குடுத்துட்டு மறந்தேன். அவன் பேர்ல பழி போட்டேன்."

நூர் வலது கையை விரித்து நீட்டினான். ஐநூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி அவர் வைத்துக்கொண்டே வந்தார். இருபத்து நாலாவது நோட்டு விழும்வரை அந்தக் கை மூடவில்லை.