அலுமாரிக்குள் வைத்த போன்

அந்தச் சாவு வீட்டில் சனங்களை மழையில் நிற்க வைத்தது நீங்கள்தான், செயலாளரே. நான் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மரண உதவிச் சங்கத்தின் அறிவித்தல்களை வாசிக்க எழுந்தபோது நீங்கள் சொன்னது வேறு. "சிலபேருக்கு இப்ப போன் பாக்கவே நேரமில்லயாம். சாவுன்னாலும் நேரமில்லயாம்" என்றீர்கள். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. குண்டசாலையில் ஆட்கள் உட்காரக் கதிரையும் டென்ட்டும் வாடகைக்கு விடுபவன், மாலை ஆறு மணிக்குக் கைபோனை அணைத்து அலுமாரிக்குள் வைப்பவன், நம் கோவிலில் நான் ஒருவன்தான். முன்வரிசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி செபமாலையைப் பையில் போடுகிற சாக்கில் குனிந்துகொண்டாள். நீ என்ன சொல்கிறாய் என்று என்னை யாரும் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பில் எழுதியதோடு சரி. அழகாக வராது.

போனை ஏன் அணைக்கத் தொடங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைத் திமிர் என்று நீங்கள் ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறீர்கள்.

என்னுடையது என்ன பெரிய தொழிலா? கதிரைகள், மூன்று டென்ட், ஒரு சின்ன லொறி, இரண்டு வேலையாட்கள். கல்யாணம், பிள்ளைகளின் புதுநன்மை, சிங்கள வீடுகளில் பிக்குமாருக்குத் தானம், பல்லேகலப் பக்கத்துக் கம்பனிகளின் விருந்து, ஹுன்னஸ்கிரிய தோட்டத்துத் திருவிழா, பிறகு சாவு. வாட்ஸ்அப் வந்த பிறகு இதில் கதிரை தூக்குவது சின்ன வேலையாகிவிட்டது. பெரிய வேலை போனைப் பார்ப்பது. ஒருவன் "விலை?" என்று ஒற்றைச் சொல் அனுப்புவான். எதற்கு விலை, எத்தனை கதிரை, எந்த நாள், ஒன்றும் இருக்காது. கேட்டால் மறுநாள் பதில் வரும், அதுவும் ஒரு பெருவிரல் படம். ஒரு கல்யாணப் பெண்ணின் சித்தி, கொழும்பில் எங்கோ பார்த்த கதிரை உறைகளைப் படம் படமாக அனுப்பினார். எல்லாம் ஒரே றோசா நிறம். எது வேண்டும் என்று கேட்டால், "ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல" என்று குரல் பதிவு. விடிந்தால் பூப்படமும் வேத வசனமும். வாடகைக்காரர்களுக்கு ஒரு குரூப், கோவிலுக்கு ஒரு குரூப், சங்கத்துக்கு ஒன்று, பிள்ளையின் வகுப்புக்கு ஒன்று. பதில் போடக் கொஞ்சம் தாமதித்தால், "பாத்துட்டும் பேசாம இருக்கீங்க" என்று சண்டைக்கு வருவார்கள். குளிக்கப் போன இடத்தில் சவர்க்காரக் கையோடு பதில் போட்டிருக்கிறேன். யாராவது செருப்பால் அடித்துத் திருத்தியிருக்க வேண்டும்.

என் மனைவி அடிக்கவில்லை. சோறு போட்டாள். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் சோற்றுக் கோப்பையைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

"என்னா இது, கறியில உப்பே இல்ல?"

"ஒங்களுக்குப் பிரஷர்னு டொக்டர் சொன்னதுல இருந்து போடுறதில்ல."

"அது போன நத்தாருக்கு முந்தியில்ல?"

"ஆமா. அப்பருந்து இப்படித்தான் தின்னுறீங்க. இன்னைக்குத்தான் நாக்கு மொளைச்சிருக்கு."

மகள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. "எனக்கு ஒங்க மொகமே மறந்துபோச்சுங்க. எப்பப் பாத்தாலும் குனிஞ்ச தலதான். நான் ஒங்க நெத்தியோடதான் குடும்பம் நடத்துறேன்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. கத்தினேன். கத்தி முடிந்த பிறகு யோசித்தால், அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியவில்லை. அது இன்னும் கோபத்தைக் கூட்டியது.

அந்த வாரமே வீட்டு போனைத் திருத்தினேன். அது ஒரு மூலையில் தூசி பிடித்துச் செத்துக் கிடந்தது. ஆளைக் கூப்பிட்டுக் கம்பியை மாற்றினேன். கடைப் பலகையிலும் லொறிக் கதவிலும் அதன் இலக்கத்தை எழுதினேன். பிறகு மட்டையில் அச்சு வெட்டி, ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் சிவப்புப் பெயின்டில் அதே இலக்கத்தை அடித்தோம். ஆறு மணிக்கு மேல் அவசரமென்றால் இதற்கு அடியுங்கள், எந்த நேரமானாலும் எடுப்பேன் என்று எல்லாருக்கும் சொன்னேன். நம் சங்கக் கூட்டத்திலும் எழுந்து நின்று சொன்னேன். "அண்ணன் ரிட்டயராகிட்டாரு, இனி பேரப்புள்ள தூக்குறதுதான் பாக்கி" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு நீங்கள் உட்கார்ந்திருந்ததும் என் கதிரைதான். அந்த இலக்கத்தின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் என்னைப் பகிடி பண்ணினீர்கள்.

முதல் மாதம் வியாபாரம் அடி வாங்கியது உண்மை. "வாட்ஸ்அப் வேல செய்யலயாண்ணே?" என்று ஒருவன் வீட்டுக்கு அடித்துக் கேட்டான். "அது செய்யுது, நாந்தான் செய்யல" என்றேன். சில பேர் வேறு ஆளிடம் போனார்கள். போகட்டும். ஆனால் சாவு வீடு எதுவும் தவறவில்லை. டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பர் ஒருவர், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டுக்கு அடித்தார். "வாப்பா மௌத்தாகிட்டாரு. கதிர அனுப்பி வைங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. கையைக் கழுவிக்கொண்டு லொறியை எடுத்தேன். உறவுக்காரர்கள் வந்து சேர முன்பே கதிரை போட்டாகிவிட்டது. மணி அடித்தால் மனிதன் எழுந்து வருவான். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

இனி அந்தச் சாவுக்கு வருகிறேன்.

இறந்தவர் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா. நான் தொழில் தொடங்கிய புதிதில், இவனிடம் கொடுத்தால் சரியாகச் செய்வானா என்று எல்லாரும் யோசித்தபோது, தன் மகளின் கல்யாணத்துக்கு என்னிடம் கதிரை எடுத்த மனுசி. அந்த மகள் இப்போது டீச்சர். தாய் கண்டி ஆஸ்பத்திரியில் பகலில் கண்ணை மூடினார். மறுநாள் காலையிலேயே, உடலைப் பதப்படுத்தும் மலர்ச்சாலையிலிருந்து பெட்டி வந்துவிடும், கதிரையும் டென்ட்டும் வேண்டும் என்று டீச்சர் பின்னேரம் உங்களுக்குச் சொன்னார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள். நீங்கள் பார்த்துக்கொண்ட விதம், ஆறரை மணிபோல சங்கத்துக் குரூப்பில் ஒரு வரி போட்டது. என் கைபோன் அப்போது அலுமாரிக்குள் இருந்தது. வீட்டு போன் எனக்குப் பக்கத்தில் இருந்தது. அது அடிக்கவே இல்லை.

மறுநாள் எட்டு மணிக்கு, வழக்கம் போலக் கைபோனைத் திறந்தேன். உங்கள் வரி இருந்தது. அதற்குக் கீழே கும்பிட்ட கைகள், மெழுகுதிரிப் படங்கள், ஆத்ம சாந்தி, மறுபடியும் கும்பிட்ட கைகள். சங்கம் முழுக்கக் கும்பிட்டிருந்தது. கதிரைக்காரனுக்குத் தெரியுமா என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. மற்றவன் பார்த்திருப்பான் என்று ஒவ்வொருவரும் ஒரு படத்தைப் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்கள்.

லொறியை ஏற்றிக்கொண்டு ஓடினேன். நல்ல மழை. பெட்டி வந்திருந்தது. அதை முன்னறையில் வைத்த பிறகு அந்தச் சின்ன வீட்டில் நிற்க இடமில்லை. சனங்கள் முற்றத்திலும் ஒழுங்கைப் பாதையிலும், குடையோடும் குடையில்லாமலும் நின்றார்கள். ஹட்டனிலிருந்து வந்த கால் ஏலாத ஒருவர் ஈரப்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துச் சிங்கள வீட்டுக்காரர் தன் சாப்பாட்டு மேசைக் கதிரைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து கொடுத்துக்கொண்டிருந்தார். டீச்சர் வெளியே வந்தார்.

"டீச்சர், எனக்கு இப்பத்தான் தெரியும்..."

"குரூப்ல போட்டாராம்ல."

"ஆறு மணிக்கு மேல நான் பாக்குறதில்ல டீச்சர். வீட்டுக்கு அடிச்சிருந்தா..."

"தெரியும்ண்ணே. நீங்க பாக்க மாட்டீங்க. எல்லாருக்கும்தான் தெரியுமே." லொறியைப் பார்த்தார். "எறக்க வேணாம். அம்மாவுக்குக் கெடச்ச மரியாத போதும்."

என் ஆள் அதற்குள் கயிற்றை அவிழ்த்திருந்தான். "என்னா மொதலாளி, எறக்கவா?" என்று உரக்கக் கேட்டான். திரும்பக் கட்டச் சொன்னேன். எல்லாரும் நனைந்துகொண்டு நிற்க, நான் கதிரை நிறைந்த லொறியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். இத்தனை வருடத் தொழிலில் ஒரு வீட்டு வாசலிலிருந்து கதிரையை இறக்காமல் திரும்பியது அன்றைக்குத்தான்.

அடக்கம் முடிந்த பின்னேரம் உங்கள் வீட்டுக்கு வந்தேன். அங்கே நாம் பேசியதை நீங்கள் யாருக்கும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

"வாங்கண்ணே, உக்காருங்க. டீ குடிப்போம்."

"டீ வேணாம். ஏன் எனக்கு அடிக்கல?"

"நாந்தான் போட்டேனே."

"எங்க போட்டீங்க?"

"குரூப்ல. அதுல போட்டா எல்லாருக்கும் சொன்ன மாதிரிதானே."

"நான் பாக்க மாட்டேன்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். ஆனா ஒரு சாவுன்னா தொறந்து பாப்பீங்கன்னு நெனச்சேன்."

"தொறக்காம சாவுன்னு எனக்கு எப்படிய்யா தெரியும்? கனவுல வந்து சொல்லுவாங்களா?"

நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "வீட்டுக்கு அடிச்சா, சாப்புடுற நேரம், தொந்தரவா இருக்குமேன்னு விட்டுட்டேண்ணே."

தொந்தரவு. நாள் முழுக்க ஒருவன் சட்டைப்பையைக் குத்திக்கொண்டே இருப்பது உங்களுக்குத் தொந்தரவாகப் படவில்லை. லொறி ஓட்டும்போது படம், பூசையில் படம், சோற்றில் படம், அதெல்லாம் மரியாதை. நாளைக்குப் பெட்டி வருகிறது, கதிரை கொண்டு வா என்று வாயால் ஒரு தரம் சொல்வது மட்டும் தொந்தரவு. உண்மை என்னவென்று நான் சொல்லட்டுமா? அடித்தால் மறுபக்கம் ஒரு ஆள் பேசுவான். ஏலாது என்றும் சொல்லிவிடுவான். அப்போது நீங்கள் இன்னொரு ஆளைத் தேட வேண்டும், அலைய வேண்டும். குரூப்பில் போட்டால் அந்த வேலை இல்லை. போட்டாயிற்று, கை கழுவியாயிற்று. இனி கதிரை வராவிட்டால் பார்க்காதவன் குற்றவாளி.

அதைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை செய்தீர்கள். அன்று இரவே எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தீர்கள். திங்கள் காலையில்தான் கேட்டேன். "மனசுல வெச்சுக்காதீங்கண்ணே, நான் பொதுவாத்தான் சொன்னேன்." அதோடு கும்பிட்ட கைகள். பழியை ஊர் கேட்கச் சொல்வீர்கள், சமாதானத்தை என் காதுக்குள் சொல்வீர்கள். நான் அதற்குப் பதில் போடவில்லை. பெருவிரல் படமும் போடவில்லை.

டீச்சர் இப்போது என்னைக் கண்டால் பாதையின் மற்றப் பக்கம் போகிறார். அதற்குப் பிறகு சங்கத்தில் விழுந்த ஒரு சாவுக்கு வேறு இடத்திலிருந்து கதிரை போனது. எனக்குப் புத்தி சொல்லாத ஆள் இல்லை. "பேசாம போனத் தொறந்து வெச்சிருங்க, பிரச்சினையே இல்ல" என்கிறார்கள். என் வேலையாட்கள்கூட அதைத்தான் சொல்கிறார்கள். எனக்கும் ஒரு நாள் மனம் தளர்ந்தது. ஆறு மணியாகியும் கைபோனை மேசையிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி வந்து அதை எடுத்து அணைத்தாள்.

"கோவில்ல தலையக் குனிஞ்சவ நான்" என்றாள். "நானே சொல்றேன், தொறக்காதீங்க. இப்பத் தொறந்தா அந்தாளு சொன்னது உண்மைன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி."

ஆகவே திறக்கப் போவதில்லை. சங்கம் என்னிடம் கதிரை எடுக்காவிட்டால் எடுக்காமல் போகட்டும். ஆனால் அந்த டீச்சர், தன் தாயின் சாவை நான் போனை அணைத்து வைத்து அவமதித்தேன் என்று நினைத்துக்கொண்டு வாழக்கூடாது. அதை நான் விட மாட்டேன். நான் போய்ச் சொன்னால் சாக்குச் சொல்வதாக இருக்கும். சொல்ல வேண்டியவர் நீங்கள்.

உங்கள் மன்னிப்பு எனக்கு வேண்டாம். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு டீச்சரை நீங்களே நேரில் போய் அழையுங்கள். அவரும் எல்லா அங்கத்தவர்களும் இருக்கும்போது எழுந்து நின்று, எழுதி வாசிக்காமல், வாயால் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: நான் வீட்டில் இருந்தேன், இலக்கம் உங்களிடம் இருந்தது, ஏன் அடிக்கவில்லை?