மைனஸ் ஒன்று

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் பிரிவு இருந்தது. எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பழவேற்காட்டுப் பெண். கீழே வாயுக் குழாய்கள் இருந்த கொட்டகையில் நச்சுவாயு கசிந்தால் சைரன் ஊதவைக்கும் புரோகிராமை எழுதியவள் அவள்.

சோதித்துப் பார்க்க காற்றில் வாயு எவ்வளவு என்று எண்ணாகச் சொல்லும் நிஜ மீட்டரைத் தரமாட்டார்கள். அதற்குப் பதிலாக 'மாக்' என்ற போலி மீட்டரைப் புரோகிராமிலேயே செய்துகொள்வோம். கேட்டால் அது எந்த எண்ணைத் திருப்பித் தர வேண்டும் என்று நாமே சொல்லிவைக்கலாம். ஐந்து தரச் சொன்னாள், சைரன் ஊதவில்லை. ஐம்பதைத் தாண்டினால் ஊத வேண்டும். எண்பது தரச் சொன்னாள், ஊதியது. இரண்டு சோதனையும் தேறியதாகத் திரையில் பச்சை.

"ஒயரு அறுந்துபோனா மீட்டரு இன்னா குடுக்கும் சார்?" என்று மேலாளரிடம் கேட்டாள்.

"அதெல்லாம் அறுவாதும்மா. பச்சை வந்துடுச்சில்ல, அனுப்பு."

மழைக்காலத்தில் ஒயர் அறுந்தது. எலி கடித்துவிட்டதாம். அறுந்த மீட்டர் மைனஸ் ஒன்று, மைனஸ் ஒன்று என்றே அனுப்பிக்கொண்டிருந்தது. ஐம்பதுக்குக் கீழேதானே என்று புரோகிராம் பேசாமல் இருந்தது. வாயு கசிவது தெரியாமல் வால்வு மூடப் போன எளாவூர்க்காரரைக் கொட்டகையிலிருந்து பிணமாகத்தான் தூக்கிவந்தார்கள்.

மறுநாள் அவள் போலி மீட்டரை மைனஸ் ஒன்று தரச் சொல்லி ஓட்டினாள். சிவப்பு.

"ஒரே ஒரு வரி தப்பு, அக்கா," என்றாள் என்னிடம்.

பின்னால் மேலாளர் நின்றிருந்தார். "அந்த டெஸ்ட்ட அழிச்சிடு. எலி கடிச்சதுக்கு நாம இன்னா பண்றது? வெளிய பேசிக்கினு இருக்காதீங்க."

அவள் அழிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எளாவூருக்குப் புறப்பட்டாள். தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன். செக்போஸ்ட்டில் காத்துநின்ற லாரிகளுக்குப் பின்னால் இருந்தது அவர்கள் வீடு. செத்தவரின் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அது கத்திருந்தா அவரு வெளிய வந்திருப்பாரா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"வந்திருப்பாருக்கா."

"எலின்னு நெனச்சிக்கினு இருந்தேன். எலிய இன்னா பண்ண முடியும்னு மனசு கொஞ்சம் அடங்கிக்கினு வந்துச்சு. இத்த எதுக்கும்மா எங்கிட்ட வந்து சொன்ன?"

"போங்க" என்றார். திரும்பும் பஸ்ஸில் இவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். வாரக் கடைசிக்குள் அந்த வரியைத் திருத்தினாள், மைனஸ் ஒன்றுக்கும் பச்சை வரவைத்தாள், வேலையை விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு மீட்டர் ஒயர் லேசாக ஆடினாலும் சைரன் ஊதியது. உப்புக்காற்றில் எல்லா ஒயரும் அரித்துக் கிடந்ததால் அடிக்கடி ஊதியது. "ஒரே பேஜாரு" என்று ஆட்கள் சலித்துக்கொண்டார்கள். ஒருநாள் வேறு வேலையாகக் கொட்டகைக்குப் போனேன். சைரனுக்குப் போகும் ஒயரை யாரோ பிடுங்கி, ஆணியில் சுற்றி மாட்டியிருந்தார்கள்.

ஓடிப்போய் மேலாளரிடம் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.