நேரில் பார்த்தவர்

எலெக்ட்ரான் எங்கே இருக்கிறது என்ற சண்டையில் நான் ஒருவனுடைய புருவத்தைக் கிழித்திருக்கிறேன். மூன்று தையல். வரப்புத் தகராறில் மண்டையை உடைப்பவர்களுக்குக் கண்ணுக்குத் தெரிகிற நிலமாவது ஒன்று உண்டு. எங்களுக்கு அதுவும் இல்லை.

அப்போது நான் சென்னையில் குவாண்டம் மெக்கானிக்ஸில் ஆராய்ச்சி மாணவி. அந்தத் துறையில் கணக்குப் போடுகிறவர்கள் ஒரு பக்கம். அந்தக் கணக்குக்கு என்ன அர்த்தம் என்று அடித்துக்கொள்கிறவர்கள் இன்னொரு பக்கம். நான் இரண்டாவது பக்கம். எலெக்ட்ரானை அளந்தால் ஒரு விடை வரும். அளப்பதற்கு முன்னால் அந்த விடை அங்கே இருந்ததா? இருந்தது, நமக்குத்தான் தெரியாது என்பது எதிர் மேஜைக்காரனின் கட்சி. அளக்காத வரை விடையே கிடையாது, அப்படிக் கேட்பதே தப்பு என்பது என் கட்சி. ஒருநாள் அவன், "அப்ப நீ குளிச்சத யாரும் பாக்கலன்னா நீ குளிக்கவே இல்லையா?" என்று கேட்டு அறை முழுக்கச் சிரிக்க வைத்தான். என் கையில் ஸ்டேப்ளர் இருந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்குக்கு மேல் கோபம் வரும். ரத்தத்தைப் பார்த்த பிறகும் என் கட்சிதான் சரி என்று கத்திக்கொண்டிருந்தேனாம். நெறியாளர் ஒரு பருவம் வீட்டில் இருக்கச் சொன்னார். நான் திரும்பிப் போகவில்லை.

ஒரகடத்தில் கார்க் கதவு செய்யும் கம்பெனி ஒன்று தரப் பிரிவுக்கு ஆள் தேடியது. இயற்பியல் படித்தவள் என்றதும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு சுத்தியலையும் உளியையும் கொடுத்து ஓர் அறையில் விட்டார்கள். இரண்டு தகடுகளைச் சேர்க்கும் வெல்டு நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்து நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதனால் ஷிஃப்டுக்கு ஒரு கதவை எடுத்து வந்து, ஒவ்வொரு வெல்டிலும் உளியை வைத்துப் பிளக்க வேண்டும். வெல்டு விட்டுக்கொடுக்காமல் தகடே கிழிந்து வந்தால் பாஸ். பாஸான கதவு பழைய இரும்புக்குப் போகும், சோதிக்காத கதவு காருக்குப் போகும். அந்த வேலை எனக்குச் சொர்க்கமாக இருந்தது. ஆத்திரம் தீர அடிப்பதற்குச் சம்பளம் வேறு எங்கே கொடுப்பார்கள்?

என் அறைக்கு அடுத்தாற்போல் பெரிய ஹைட்ராலிக் பிரஸ். தட்டையான தகட்டை உள்ளே வைத்தால், மேலிருந்து டை என்கிற கனமான இரும்பு அச்சு இறங்கி அழுத்திக் கதவின் உருவத்தைத் தரும். அதை ஓட்டியவர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒருநாள் என் அறையை எட்டிப் பார்த்து, "இன்னா மேடம், டெய்லி எதையாச்சும் ஒடைச்சிகினே கீறீங்க" என்றார். காரணத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப நல்லா கீதான்னு தெரிஞ்சிக்கணும்னா அத்த சாவடிச்சிதான் பாக்கணுமா?"

இதையே எங்கள் துறையில் நாற்பது பக்கம் எழுதுவார்கள். அன்றிலிருந்து டீ இடைவேளையில் அவருக்கு எலெக்ட்ரானைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். படிப்பை விட்டாலும் எழுத்தை நான் விட்டிருக்கவில்லை. குன்றத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு அந்தப் பழைய சண்டையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். 'பார்ப்பவர்' என்ற சொல் அதில் பக்கத்துக்குப் பத்து முறை வரும். அதை முதலில் கேட்டவர் அவர்தான். பார்க்காதது இல்லை என்று நான் சொன்னால், "பாக்காதது இல்ல" என்று ஒருமுறை தானும் சொல்லிப் பார்ப்பார். அவருக்கு அந்த வாக்கியம் பிடித்திருந்தது.

பிரஸ்ஸின் முன்னால் இரண்டு கம்பங்கள் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி போகும், அதை லைட்டு என்பார்கள். கை குறுக்கே போனால் டை நின்றுவிட வேண்டும். ஷிஃப்ட் தொடங்கும்போது ஒரு கம்பியை நீட்டி, நிற்கிறதா என்று பார்த்து, செக் ஷீட்டில் டிக் போட வேண்டும். அதன் கீழே தரப் பிரிவின் சார்பில் நான் கையெழுத்திட வேண்டும். யாரும் கம்பியை நீட்டுவதில்லை. லைன் அதற்கு நேரம் கொடுக்காது. டிக் போட்டே தாள் வரும், நான் கையெழுத்திடுவேன்.

ஒரு திங்கட்கிழமை அவர் சொன்னார், "லைட்டு சில நேரம் தூங்கிடுது மேடம். வேஸ்ட் துணிய வுட்டுப் பாத்தேன், டை நிக்கல. மறுபடி வுட்டேன், நின்னுச்சி."

"ஒரு தடவ நின்னுச்சு, ஒரு தடவ நிக்கல. அப்ப அது இன்னும் முடிவு பண்ணலன்னு அர்த்தம்" என்றேன். இருவரும் சிரித்தோம். மெயின்டனன்ஸில் சொல்லச் சொன்னேன். சொன்னாராம், பார்க்கலாம் என்றார்களாம். செவ்வாய், புதன் இரண்டு நாளும் மறுபடி என்னிடம் சொன்னார். மூன்றாம் முறை அவர் சிரிக்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். உளியை வைத்து அடித்துக்கொண்டிருந்தேன். அலறல் எதுவும் கேட்கவில்லை, பிரஸ்ஸின் சத்தம் நின்றதுதான் கேட்டது. வெளியே வந்தால் அவர் பிரஸ்ஸோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். வலது கை மணிக்கட்டு வரை டைக்குள் இருந்தது. டை அடியில் அழுத்திக்கொண்டிருந்த நொடியில் யாரோ பதறிப்போய் எமர்ஜென்சி பட்டனை அடித்துவிட்டார்கள். பிரஸ் அப்படியே நின்றுவிட்டது, அவர் கையின் மேல்.

"மேல தூக்கச் சொல்லுங்க மேடம்" என்றார். டீ கேட்கிற குரல்தான். முகம் சாம்பலாக இருந்தது. தகட்டின் ஓரமாக ரத்தம் வந்து அவருடைய ஷூவின் மேல் சொட்டியது.

தூக்குவதற்குச் சாவி வேண்டும். அது சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டியிருந்தது. பெட்டியின் சாவி சூப்பர்வைசரிடம், சூப்பர்வைசர் மீட்டிங்கில். சுத்தியல் என் கையிலேயே இருந்தது. கண்ணாடியை அடித்தேன். உடைந்த பிறகும் அடித்தேன். பெட்டியே சுவரிலிருந்து பிய்ந்து விழுந்தது. யாரோ சாவியைப் பொறுக்கிக்கொண்டு ஓடினார்கள். டை மேலே போனபோது அவர் தன் கையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கையைப் பார்த்தவள் நான். விரல்கள் நான்கும் கதவின் கைப்பிடிக் குழியோடு சேர்ந்து தட்டையாகியிருந்தன.

கட்டைவிரலை மட்டும் காப்பாற்றினார்கள். கட்டுப் பிரிப்பதற்கு முன்பே விசாரணை வைத்தார்கள். லைட்டில் பழுதில்லை, வேலையைச் சீக்கிரம் முடிக்க அவரே அதை ஏமாற்றிவிட்டுக் கையை விட்டார் என்றது கம்பெனி. அப்படி முடிவானால் வேலை போய்விடும். லைட்டில்தான் பழுது என்றால் உள்ளேயே வேறு வேலை கொடுத்தாக வேண்டும். விபத்துக்கு மறுநாள் கம்பியை நீட்டிச் சோதித்தபோது ஒவ்வொரு முறையும் டை நின்றதாம். அந்த அறிக்கையும் என் கையெழுத்துப் போட்ட செக் ஷீட்டும் மேஜை மேல் இருந்தன.

வெளியிலிருந்து வந்த விசாரணை அதிகாரி என்னிடம் கேட்டார், "விபத்துக்கு முன்னாடி லைட் வேலை செஞ்சுதா, இல்லையா?"

சோதிக்காமல் கையெழுத்திட்டேன் என்றால் என் வேலை போகும். அது ஒரு நொடி மனதில் ஓடியது. அடுத்த நொடி என் படிப்பு எனக்குக் கைகொடுத்தது. "செக் ஷீட் காலைல போட்டது சார். மறுநாள் சோதனைய வெச்சு முந்தின நாளப் பத்திச் சொல்ல முடியாது. அந்த நேரத்துல யாரும் பாக்கல. பாக்காதப்ப எப்படி இருந்ததுன்னு கேட்டா, அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது" என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று அப்போது நம்பினேன். கம்பெனிப் பக்கம் சாயாமல் பேசிவிட்டதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவர் எதிரில் உட்கார்ந்திருந்தார், கட்டுப் போட்ட கை மடியில் இருந்தது. 'நான் சொன்னேனே மேடம்' என்பார் என்று காத்திருந்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"மேடம் சொல்றது கரெக்ட்டு சார். பாக்காதது இல்ல."

கருவியில் பழுது இருந்ததற்குச் சாட்சியம் இல்லை என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை, விளக்கப் போனேன். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய தெரு. வாசலில் அவர் மனைவி பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். இனி ஓட்ட முடியாது என்று விற்கப்போகிறார்களாம். நான் விளக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வாக்கியத்தில் கன்னத்தில் அறை விழுந்தது. என் கண்ணாடி பைக்குக்கு அடியில் போய் விழுந்தது. என் கையும் தானாக ஓங்கியது. அவர் அந்த மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய்த் தன் கணவர் முன்னால் நிறுத்தினார்.

"இவரு துணிய வுட்டுப் பாத்தாரா இல்லியா?"

"பாத்தார்."

"டை நிக்கலன்னு உன்னாண்ட வந்து சொன்னாரா இல்லியா?"

"சொன்னார்."

"அப்புறம் யாரும் பாக்கலன்னு எப்டி சொல்றே? இவரு பாத்தாரே. உன் படிப்புல இவரு மன்சன் இல்லியா?"

"வுடு" என்றார் அவர் மனைவியிடம். 

எலெக்ட்ரான் விஷயத்தில் என் கட்சி இன்றும் மாறவில்லை. ஆனால் பிரஸ் எலெக்ட்ரான் இல்லை. அவ்வளவு பெரிய இரும்பைக் காற்றும் தரையும் முன்னால் நிற்பவரின் காதும் ஒவ்வொரு நொடியும் அளந்துகொண்டேதான் இருக்கின்றன. எங்கள் துறையில் முதல் வருடப் பிள்ளைக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் அந்த மேஜையில் மறந்தேன். அதைவிட மோசமானது வேறொன்று. பக்கத்துக்குப் பத்து முறை 'பார்ப்பவர்' என்று எழுதியவள், அவர் யார் என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை. படித்தவர், கருவி வைத்திருப்பவர், கையெழுத்துப் போடுகிறவர், அதாவது நான். எண்ணெய்த் துணியை நீட்டிப் பார்த்தவர் அந்தச் சொல்லுக்குள் வருவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. அறையைவிட அந்த வெட்கம் அதிகம் வலித்தது என்று எழுதினால் அது பொய். அறைதான் அதிகம் வலித்தது, காது நான்கு நாள் அடைத்திருந்தது.

திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தேன். சோதிக்காமல் கையெழுத்திட்டேன், அவர் மூன்று முறை சொன்னார், நான் கேட்கவில்லை. அன்றைக்கே என்னை வேலையை விட்டு எடுத்தார்கள். சாவிப் பெட்டியை உடைத்ததற்கும் தனியாக ஒரு மெமோ கொடுத்தார்கள். விசாரணையை மறுபடி திறந்தார்கள். அவருக்கு ஸ்டோரில் வேலை கிடைத்ததை வெகுநாள் கழித்துப் பஸ்ஸில் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அந்த இரண்டாவது விசாரணைக்கு என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் தன் மனைவியோடு வந்திருந்தார். நான் எழுதிக் கொடுத்ததை அதிகாரி படித்துவிட்டு, ஒரு புதுத் தாளில் 'நேரில் பார்த்தவர்' என்ற இடத்தில் அவருடைய பெயரை எழுதி, கையெழுத்துக்காக அவர் பக்கம் நகர்த்தினார். அவர் பேனாவை இடது கையில் எடுத்தார். முதல் எழுத்துக்கே தாள் வழுக்கிக்கொண்டு போனது. நான் எட்டி அதன் ஓரத்தை அழுத்திப் பிடித்தேன்.

"நீங்க வுடுங்க மேடம்" என்றார். "அவ புடிச்சிக்குவா."