டீயோடு விழுங்கிய மாத்திரை

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனிக்கு டீ வரும் நேரம்தான் எனக்கு மாத்திரை நேரம். ரத்தசோகைக்கு டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை. மறந்துவிடக் கூடாதென்று டீயோடே விழுங்குவேன். மூன்று மாதமாகியும் ரத்தம் ஏறவில்லை. புற்றுநோயோ என்று வீட்டில் சொல்லாமல் பயந்து செத்தேன்.

ஒரு நாள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"இன்னாக்கா, டீயில முழுங்கிகினு கீறே? டீ அந்தச் சத்த ஒடம்புல சேர உடாது. எலுமிச்ச தண்ணில போடு. டீய ரெண்டு மணி நேரம் கழிச்சி குடி."

"உன் வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் அப்படியே செய்தேன்.

அடுத்த பரிசோதனையில் ரத்தம் ஏறியிருந்தது. லேப் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். மறுநாள் ரிப்போர்ட்டை முதலில் அவளிடம்தான் நீட்டினேன்.

என் பயத்தைக் கணவரிடம் சொன்னேன், அது போன பிறகு.