படுக்கை கேட்டு எழுதிய நான்கு கடிதங்கள்

சேலத்துக்கு வெளியே ஒரு பழைய மருத்துவமனையில் எனக்கு எட்டு மாத ஒப்பந்த வேலை கிடைத்தது. ஒரு காலத்தில் அது காசநோய்க்காரர்களுக்கென்று தர்மவான்கள் கட்டிய இலவச சானடோரியம். பழைய கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். அதற்கு முன் அங்கே கட்டுக்கட்டாகக் கிடந்த கடிதங்களைப் படித்துக் கம்ப்யூட்டரில் பட்டியல் போட வேண்டும். பிறகு அவை சென்னையில் ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் போகும்.

கல்லூரியில் படிக்கும்போது நானும் ஆறு மாதம் காசநோய் மாத்திரை விழுங்கியவள்தான். அக்கம்பக்கத்தில் மஞ்சள்காமாலை என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். அதனால்தானோ என்னவோ, அந்த வேலையை யோசிக்காமல் ஒப்புக்கொண்டேன்.

கடிதங்களில் பெரும்பாலானவை படுக்கை கேட்டு எழுதியவை. மகனுக்கு, மனைவிக்கு, சில சமயம் தனக்கே. ஒவ்வொன்றோடும் மருத்துவமனை அனுப்பிய பதிலின் கார்பன் பிரதி நூலில் கோத்திருக்கும். பதில்கள் ஆங்கிலத்தில் இருக்கும், மரியாதையாக இருக்கும், இடமில்லை என்று சொல்லும். மதியச் சாப்பாட்டுக்கு முன் இருபது முப்பது படித்துவிடுவேன். நாளாக ஆகச் சோறு இறங்குவது குறைந்தது.

மூன்றாவது மாதம், மல்லசமுத்திரம் பக்கத்து விவசாயி ஒருவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எழுதிய நான்கு கடிதங்கள் கிடைத்தன. எழுதியது யாரோ பள்ளிக்கூட வாத்தியார்; எழுத்து முத்து முத்தாக இருந்தது. கீழே கையெழுத்து மட்டும் அவருடையது. எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டுமே தெரிந்தவர் போட்ட, கோணல்மாணலான கையெழுத்து.

முதல் கடிதத்தில் மனைவிக்கு எக்ஸ்ரே எடுத்ததைச் சொல்லிப் படுக்கை கேட்டிருந்தார். பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்திருப்பதாகவும், அதுவரை நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து வைக்கும்படியும், குழந்தைகளைக் கண்டிப்பாக அருகில் விடக் கூடாதென்றும் பதில் போயிருந்தது.

இரண்டாவது கடிதம்: "தாங்கள் சொல்லியபடியே களத்துமேட்டில் தனியாக ஓலைச்சாளை போட்டு அவளை வைத்திருக்கிறேன். ஐந்து வயதுப் பையன் அம்மாவிடம் போக வேண்டுமென்று அழுகிறான். அடித்துத்தான் தடுக்க வேண்டியிருக்கிறது. தயவுசெய்து சீக்கிரம் இடம் கொடுக்கவும்." இடமில்லை என்று பதில்.

மூன்றாவது கடிதத்தில் அவள் ரத்தம் கக்குவதாக இருந்தது. அதற்கும் அதே பதில்.

நான்காவது மூன்று வரிதான். "என் மனைவி வியாழக்கிழமை காலமாகிவிட்டாள். பட்டியலில் அவள் பெயரை அடித்துவிடவும். அந்த இடம் வேறு யாருக்காவது ஆகட்டும்."

மேலே யாரோ சிவப்புப் பென்சிலால் 'ஃபைல்' என்று எழுதியிருந்தார்கள்.

அந்தப் பையன் உயிரோடு இருந்தால் எழுபதைத் தாண்டியிருப்பான் என்று தோன்றியது. நோயாளிகளின் விவரம் வெளியே போகக் கூடாதென்று மருத்துவமனைச் செயலாளர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆனாலும் நான்கையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

மல்லசமுத்திரத்தில் விசாரித்ததும் வழி சொன்னார்கள். மரவள்ளிக் காட்டை ஒட்டி ஓட்டு வீடு. வெள்ளை மீசை வைத்த மனிதர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

"எங்கப்பன் ஆஸ்பத்திரிக்கு எழுதுனானா? ஆள் மாறி வந்துட்டீங்க அம்மணி. அந்தாளு எங்கம்மாளச் சாளையில போட்டுக் கொன்னவனுங்க."

கையெழுத்தைக் காட்டினேன். அதையே வெகுநேரம் பார்த்தார். "கண்ணு தெரியல. நீங்களே படிங்க" என்றார்.

படித்தேன். அவர் மனைவி ஈரக் கையோடு உள்ளேயிருந்து வந்து கதவருகே நின்றுகொண்டார். ஐந்து வயதுப் பையன் என்ற வரி வந்ததும் பெரியவர் கையை உயர்த்தினார்.

"மறுக்கா படிங்க."

மறுபடி படித்தேன்.

"பிரிச்சு வெக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில சொன்னாங்களா?"

"ஆமாங்க. அவங்க பதிலும் இருக்குது."

பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பதினைந்து வயதில் லாரியில் கிளீனராக ஏறிப் போனவர், அப்பா இருந்தவரை வீட்டுப்படி மிதிக்கவில்லை. டிரைவரான பிறகு, அப்பா இறந்த சேதி நாக்பூரில் கிடைத்தது. வண்டியைத் திருப்பாமல் சரக்கை இறக்கப் போய்விட்டார். கொள்ளி வைத்தது ஒரு பங்காளி.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க. நான் இப்பிடி எழுதிக் கேட்டன்டா, இடம் குடுக்கலைன்னு."

"நீங்க எப்பவாச்சும் கேட்டீங்களா?" என்றார் மனைவி.

எனக்கு எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது. அந்த அம்மாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் பிரதிகளைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரமே கணவனும் மனைவியுமாக மருத்துவமனைக்கு வந்துவிட்டார்கள். சலவைச் சட்டை போட்டிருந்தார். பழைய பெண்கள் வார்டைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப்போனேன். ஓடுகளை இறக்கிவிட்டிருந்தார்கள், உள்ளே வெயில் அடித்தது. துருப்பிடித்த கட்டில்கள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன.

"இடம் இருந்திருந்தா எந்தக் கட்டில் குடுத்திருப்பாங்க?"

"தெரியலீங்க."

ஜன்னலோரம் போய்ச் சற்று நேரம் நின்றார். "காத்து நல்லா வருது" என்றார்.

திரும்பும்போது நான்காவது கடிதத்தின் அசலைக் கேட்டார். அப்பாவின் கை பட்ட காகிதம் என்று அவர் வீட்டில் வேறெதுவும் இல்லை. செயலாளரிடம் கூட்டிப்போனேன். நான் செய்த தப்பு அப்போதுதான் செயலாளருக்குத் தெரிந்தது. என்னை ஒன்றும் சொல்லவில்லை. பெரியவரிடம் மட்டும் தன்மையாக, "அசலைக் கொடுக்க விதியில்லைங்க ஐயா" என்றார்.

"செரிங்க" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

கடிதங்கள் அதன் பிறகும் இரண்டு வாரம் என் மேஜையில்தான் கிடந்தன. ஜெராக்ஸை உள்ளே வைத்துவிட்டு அசலை எடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. அட்டைப்பெட்டிகளில் நானே டேப் ஒட்டி வேனில் ஏற்றிவிட்டேன்.

ஐப்பசி மழையில் அந்த அம்மாள் போன் செய்தார். அவருடைய வீட்டுக்காரர் தினமும் அப்பாவை எரித்த சுடுகாட்டுப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறாராம். மழையென்றும் பார்ப்பதில்லையாம், கூப்பிட்டாலும் வருவதில்லையாம்.

"பழசை நெனச்சுத் திட்டிக்கிட்டாவது நல்லா இருந்தாருங்க. நீங்க வந்திருக்க வேண்டாங் கண்ணு. தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லீங்க" என்றேன். அவரே போனை வைத்தார்.